அறுநூற்றுப் பன்னிரண்டு பச்சை

ஏப்ரல் 16, புதன்

இந்த வாரத்தில் நான்காவது முறையாக அந்த எண்ணை மாற்றினேன். 2.3 என்று இருந்ததை 2.4 ஆக்கினேன், மத்தியானம் 2.35 ஆக்கினேன், சாயங்காலம் மறுபடி 2.3க்கே வந்துவிட்டேன். நாள் முழுக்க உழைத்துவிட்டுக் காலையில் நின்ற இடத்திலேயே நிற்பதில் என்னை மிஞ்ச மயூர் விஹாரில் ஆள் கிடையாது.

அக்ஷய் ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டான்: "இன்னிக்கு என்ன பண்ணினே?" ஒரு எண்ணை மாற்றினேன் என்றேன். "நாளைக்கு?" அதையே மாற்றுவேன் என்றேன். "நீதான் கவர்மெண்ட் ஆபீஸுக்கு வந்திருக்கணும்," என்றான். என் கணவருக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது. அதனால் இந்த நோட்டைச் சாப்பாட்டு மேஜை மேலேயே தைரியமாக வைக்கிறேன். தலைநகரில், மோதி பாக் பள்ளிக்கூடத்தில், தமிழில் படித்ததற்கு இந்த ஒரு லாபம்.

பத்து வருஷம் கழித்துப் படித்தால் எனக்கே புரியாது, எழுதி வைக்கிறேன். என் ஆப்பில் ஜப்பானிய இலக்கணம் அட்டை அட்டையாக வரும். கேள்வியைப் பார்த்து, விடையை மனசுக்குள் சொல்லி, அட்டையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஞாபகம் இருந்தால் பச்சை, மறந்திருந்தால் சிவப்பு. சிவப்பு அமுக்கிய அட்டை நாளைக்கே திரும்ப வரும். பச்சை அமுக்கியது மூன்று நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று தள்ளித் தள்ளி வரும். எவ்வளவு தள்ளி என்பதுதான் அந்த எண். ரொம்பத் தள்ளினால் மறந்துபோகும். தள்ளாவிட்டால் தினம் நூறு அட்டை குவிந்து ஆளே ஓடிவிடும்.

ஆல்பர்ட் சார் வகுப்பில் இருபத்தொரு பேர். பாண்டவ் நகரில் ஒரு மாடியில் நடக்கிறது. எல்லோரும் ஜப்பானில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறவர்கள். எல்லோரும் என் ஆப்பில்தான் படிக்கிறார்கள். ஜூலை முதல் ஞாயிறு என்-ஃபோர் என்ற ஜப்பானிய மொழித் தேர்வு. அதில் தேறினால் செப்டம்பரில் ஏஜென்சி நேர்காணல். தேறாவிட்டால் பெயரையே எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஜனவரியில் ஆல்பர்ட் சாருக்காக வியாழன் பட்டியல் என்று ஒன்று செய்து கொடுத்தேன். யாருக்கு எத்தனை பச்சை, எத்தனை சிவப்பு, எத்தனை பாக்கி, எல்லாம் வாராவாரம் அவர் போனுக்குப் போய்விடும். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இதுவரை நான் செய்ததிலேயே உருப்படியானது அதுதான்.

ஏப்ரல் 17, வியாழன்

பட்டியல் போயிற்று. முதலிடம் வழக்கம்போல் முத்துமாரி. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பச்சை. பாக்கி பூஜ்யம். யார் இந்தப் பெண்?

ஏப்ரல் 22, செவ்வாய்

விசாரித்தேன். திரிலோக்புரியில் இருக்கிறாளாம், இருபத்து மூன்று வயது. நொய்டாவில் ஒரு பாட்டியம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை. அதற்கு மேல் வகுப்பு. அதற்கும் மேல் தொண்ணூற்றெட்டு. நான் ஜப்பான் கம்பெனியில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு இதே இலக்கணத்தைப் படித்தபோது எழுபதைத் தாண்டியதில்லை.

யோசனை ஒன்று குடைகிறது. இவளுக்கு அட்டைகள் ஒன்றரை மாதம் தள்ளிப் போன பிறகும் பச்சையாகவே வருகின்றன. அப்படியென்றால் என் எண்தான் கஞ்சத்தனம் பண்ணுகிறது. மற்ற பிள்ளைகளையும் தேவையில்லாமல் தினம் தினம் போட்டு வறுக்கிறேன். இவள் கணக்கை வைத்து எல்லோருக்கும் இடைவெளியைக் கூட்டினால் என்ன?

ஏப்ரல் 30, புதன்

கூட்டிவிட்டேன். இருபத்தொரு பேருக்கும் பாக்கி அட்டை பாதியாகக் குறைந்தது. "மேடம், பிள்ளையளுக்கு மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கு," என்று ஆல்பர்ட் சார் போன் பண்ணினார். அவர் நாகர்கோவில்காரர், சும்மா யாரையும் புகழ மாட்டார்.

அக்ஷயை இழுத்துக்கொண்டு ஐ.என்.ஏ. மார்க்கெட் போய் நல்ல காபிப்பொடி வாங்கி வந்தேன். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக நாளைக்கு மாற்ற எதுவும் இல்லை. அது ஏன் எனக்குப் பயமாக இருக்கிறது?

மே 9, வெள்ளி

ஆல்பர்ட் சார் மாதிரித் தேர்வு வைத்தார். அறுபதுக்கு.

முத்துமாரி பத்தொன்பது.

"உங்க ஆப்ல முதல்ல நிக்கா, என் பரிச்சையில கடைசியில இருந்து மூணாவது. இது எப்படி மேடம்?" எப்படி என்று எனக்கும் தெரியவில்லை. பார்க்கிறேன் என்றேன். மற்றவர்களும் போன மாதத்தைவிட ஐந்தாறு குறைவு என்றார். வெயில் சார், எல்லாருக்கும் தூக்கமில்லை என்றேன். வெயிலாம்! என் வாயைத் தைக்க வேண்டும்.

மே 12, திங்கள்

மூன்று நாளாகப் பிழையைத் தேடுகிறேன். கணக்கு சரி. தேதிகள் சரி. அட்டைகள் சரி. சமையலறைக்கும் மேஜைக்கும் நடந்து நடந்து கால் வலிக்கிறது. குக்கர் எத்தனை விசில் வந்தது என்று எண்ணவில்லை, பருப்பு குழம்பாகவே ஆகிவிட்டது.

மே 13, செவ்வாய்

எந்த அட்டையை எத்தனை மணிக்கு அமுக்கினாள் என்பதை இன்றுதான் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்க வேண்டும். பச்சை எவ்வளவு என்று பார்த்தேனே தவிர எப்போது என்று பார்க்கத் தோன்றவில்லை.

காலை 11.08க்கு ஆரம்பம். 11.10க்குள் அறுபத்து மூன்று அட்டை. எல்லாம் பச்சை. ஒன்றுக்கு இரண்டு வினாடிகூட இல்லை. நேற்றும் அப்படி, முந்தாநாளும் அப்படி. பிப்ரவரியிலிருந்து அப்படி.

படிக்காமலே அமுக்கியிருக்கிறாள்! ஏமாத்தியிருக்கா. நான் ஒரு மடச்சி, அதை வெச்சிண்டு இருபத்தொரு பேருக்கு எண்ணை மாத்தியிருக்கேன்.

மே 17, சனி

பாண்டவ் நகர் வகுப்புக்குக் கோபத்தோடுதான் போனேன், அந்தப் பெண்ணைப் பார்க்க. வழியில் என்ன கேட்பது என்று மூன்று விதமாக ஒத்திகை பார்த்தேன்.

ஒல்லியான பெண். நின்றுகொண்டே பேசினாள், உட்காரச் சொன்னால் "பரவாயில்லக்கா" என்றாள். மாதிரித் தேர்வைப் பற்றிப் பேச்செடுத்ததுமே அவளே சொன்னாள்: "எனக்கு மண்டையில ஏறலக்கா. ஆப்ல எல்லாம் தெரியுதுன்னு வருது. பேப்பரைப் பாத்தா ஒண்ணும் ஞாபகம் வரல. என் திமாக் தான் சரியில்ல போல."

கேட்கலாம் என்று வாயெடுத்து, வேறு ஏதோ கேட்டேன். பகல் பதினொரு மணிக்கு எங்கே இருப்பாய்?

"ட்யூட்டியில. அங்க போன் கையில இருக்கக் கூடாதுக்கா, மேடம் திட்டுவாங்க. போனை வீட்லதான் வெச்சிட்டுப் போவேன். அம்மா காலையில நாலு வீடு வேலை முடிச்சிட்டு பதினொண்ணுக்கு வந்துரும். சார்ஜ் போட்டு வெக்கும்."

பழைய அட்டைகளை எப்போது பார்ப்பாய் என்றேன். "எனக்குப் பழசு வராதேக்கா. ராத்திரி திறந்தா புதுசு மட்டும்தான் இருக்கும். நல்லா படிச்சா அப்படித்தான் ஆகும்னு நெனச்சேன்."

அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அவள் அம்மா. ஏன் என்று தெரியவில்லை, ஆனால் அவள் அம்மாதான்.

ஆல்பர்ட் சார் பக்கத்தில் வந்து நின்றார். "பிடிபட்டுதா மேடம்?" இன்னும் இல்லை சார், பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தப் பெண் தன் மூளையே சரியில்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்கிறாள். இல்லை, உன் மூளைக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். அவள் கணக்கைப் பார்த்து எல்லோருடைய பாடத்தையும் குளறுபடி செய்தது நான் என்று.

மே 18, ஞாயிறு

யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம். எண்ணைப் பழையபடி வைத்தேன். முத்துமாரி கணக்கில் பகலில் அமுக்கிய பச்சை எல்லாவற்றையும் அழித்து, அந்த அட்டைகளை நாளைக்கே வரும்படி திருப்பிப் போட்டேன். அறுநூற்றுப் பன்னிரண்டு அட்டை. ஒரேயடியாக வரும்தான். பெண் திணறுவாள், ஆனால் தேர்வுக்கு ஏழு வாரம் இருக்கிறது. சமாளித்துவிடுவாள்.

அக்ஷய் எட்டிப் பார்த்து, "சிரிக்கறே?" என்றான். முடிந்தது என்றேன்.

மே 20, செவ்வாய்

முடியவில்லை.

நேற்றுக் காலை 11.15க்கு ஆரம்பித்து 11.58 வரை. அறுநூற்றுப் பன்னிரண்டும் பச்சை. நடுவில் இரண்டு இடத்தில் மட்டும் நான்கைந்து நிமிஷ இடைவெளி. கை வலித்திருக்கும்.

ராத்திரி முத்துமாரி திறந்தபோது பாக்கி பூஜ்யம். புதிதாக எட்டு அட்டை பார்த்துவிட்டு மூடியிருக்கிறாள்.

மே 22, வியாழன்

நேரே போய்ச் சொல்ல வேண்டியதுதான். நாளைக்கு.

இன்றைய பட்டியலிலும் முத்துமாரிதான் முதலிடம். அனுப்பாமல் இருந்திருக்கலாம். தானாகப் போகும்படி நான்தான் செய்து வைத்திருக்கிறேன்.

மே 23, வெள்ளி

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தேன். முந்தாநாள் அந்த அறுநூற்றுப் பன்னிரண்டை மறுபடி திருப்பிப் போட்டிருந்தேன், இந்தத் தடவை ஒரு நாளைக்கு எழுபது வீதம் வரும்படி. இப்போது, ஐந்து வினாடிக்குள் அமுக்கினால் கணக்கில் சேராது என்று வைத்துவிட்டேன். அட்டை அங்கேயே நிற்கும். சலித்துப்போய் அந்த அம்மா விட்டுவிடுவார். மனுஷ்யாளோட பேசறதுக்குப் பதிலா கோட் எழுதறதுன்னா எனக்கு எவ்வளவு சுலபமா இருக்கு!

மே 26, திங்கள்

சனிக்கிழமை ராட்சசப் புழுதிக்காற்று, நேற்று மத்தியானம் வரை கரண்ட் இல்லை. இன்றுதான் பார்த்தேன்.

முதல் நாலைந்து அட்டை உடனே நகரவில்லை. ஏழெட்டு முறை அமுக்கிப் பார்த்திருக்கிறார். பிறகு கண்டுபிடித்துவிட்டார். ஆறு வினாடி, பச்சை. ஆறு வினாடி, பச்சை. ஆறு. ஏழு. ஆறு. எழுபது அட்டையும் அப்படி. காத்திருந்து அமுக்குகிறார். மூன்று நாளும்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து பால்கனிக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி பார்த்தேன். ஆறு. ஆறு. ஆறு. இவ்வளவு பொறுமையாக என் ஆப்பை யாருமே பயன்படுத்தியதில்லை, அதை எழுதிய நான் உட்பட.

அக்ஷயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "திரிலோக்புரி ஆட்டோல பத்து நிமிஷம் மேதா," என்றான். நான் சண்டை போட்டேன். உனக்கு என்ன தெரியும், ஆல்பர்ட் சார் மூஞ்சியில் எப்படி முழிப்பேன், வகுப்பே போய்விடும் என்று. அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

மே 29, வியாழன்

போனேன்.

ஒரு அறை, மேலே தகர ஷீட், கூலர் ஓடிக்கொண்டிருந்தது. முத்துமாரியின் அம்மா பாப்பம்மாள் என்னைப் பார்த்ததும் கட்டிலில் கிடந்த துணியை எல்லாம் அள்ளி ஓரமாகப் போட்டார். ஆப் செய்தவள் என்று சொன்னேன். "நீங்கதானாம்மா அது! பொண்ணு முதலா வருதுன்னு சார் சொன்னாராமே," என்றார். தண்ணீர் கொடுத்தார்.

போனைப் பகலில் நீங்கள் பார்ப்பீர்களா என்று கேட்டேன். மறைக்கவே இல்லை. மறைக்க வேண்டியது என்றே அவருக்குத் தெரியாது.

"ஜனவரிக் கடைசியில ஒரு நாளு அழுதுகிட்டு வந்துச்சும்மா. எழுபது பாக்கின்னு லிஸ்டுல வந்துச்சாம், எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நிக்க வெச்சாங்களாம். சோறு திங்கல. மறுநாளு போனை எடுத்துப் பாத்தேன். பச்சையை அமுக்குனா நம்பரு குறையுது. நாள் பூரா நின்னுட்டு வர்ற புள்ள, வந்து இதையும் பாக்கணுமான்னு... கிடக்கற பாத்திரத்தைத் தேச்சு வெக்கறாப்புல, நாமளே முடிச்சு வெப்பம்னுதான்."

பட்டியலைப் படித்து நிற்க வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பட்டியல் என்னுடையது.

"தப்புப் பண்ணிட்டனாம்மா?"

இல்லை என்றேன். பிறகு, ஆமாம் என்றேன். எப்படி வேலை செய்கிறது என்று சொன்னேன். மறந்ததை மறந்தது என்று சொன்னால்தான் அது திரும்ப வரும், எல்லாம் தெரியும் என்று அமுக்கினால் ஆப் நம்பிவிடும் என்று. மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறை அவர் கை வாய்க்குப் போயிற்று. "போன வாரம் திடீர்னு அத்தனை வந்துச்சே, அறுநூறோ என்னமோ. பயந்து போயிட்டேன். அதையும் முடிச்சேனே," என்றார். தெரியும் என்றேன்.

இன்று வகுப்பு இல்லையாம், ஏழு மணிக்கே முத்துமாரி வந்தாள். அவர் வாயால் சொல்ல வேண்டாமென்று நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பையைத் தோளிலிருந்து இறக்கவே இல்லை. அம்மாவைப் பார்த்து, "ஏம்மா?" என்று ஒரே வார்த்தை. அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

உன் மூளைக்கு ஒரு குறையும் இல்லை, நீ அந்த அட்டைகளைப் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான் என்றேன்.

"உங்களுக்கு எப்போ தெரியும்க்கா?"

பதினேழாம் தேதி என்றேன். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது, அதையும் எழுதி வைக்கிறேன். அவள் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். "அச்சா," என்றாள்.

மே 30, வெள்ளி

ஆல்பர்ட் சாரிடம் சொல்லிவிட்டேன். மூன்று வாரம் எல்லோருக்கும் இடைவெளி தப்பாகப் போனது உட்பட. "என்ன மேடம் இப்படிச் செஞ்சு வெச்சிருக்கீங்க, இருபத்தொரு பிள்ளையளுக்க வாழ்க்கை," என்று கத்தினார். கத்தட்டும். இனிமேல் பட்டியல் கிடையாது என்றதும் இன்னும் கத்தினார். "லிஸ்ட் இல்லேன்னா எவன் படிப்பான்?" லிஸ்ட் இருந்ததால்தான் சார் யாரும் உண்மையைச் சொல்லவில்லை என்றேன். முத்துமாரி மட்டுமில்லை, மற்றவர்கள் பதிவையும் நேற்று பார்த்தேன். பட்டியல் போகும் வியாழன் காலையில் மட்டும் எல்லோருமே படு கெட்டிக்காரர்கள்.

நிற்க வைத்ததைப் பற்றிக் கேட்டேன். தேர்வு வரை அச்சடித்த தாளில் பழையபடி நடத்திக்கொள்கிறேன் என்று போனை வைத்தார்.

ஜூன் 4, புதன்

ஐந்து நாள் வேலை. இந்தத் தடவை எண் எதையும் தொடவில்லை. புதிதாக ஒரு வழி: படிக்கிறவர் போனைத் தொடக்கூடாது, எதிரே இன்னொருவர் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டும். கேள்வி தமிழில் வரும். விடையின் உச்சரிப்பும் தமிழ் எழுத்தில் கீழே வரும். படிக்கிறவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பிடித்திருப்பவர் ஒப்பிட்டுப் பார்த்து அமுக்க வேண்டும்.

பாப்பம்மாள் ஆத்தூர்ப் பக்கம் ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டிப் படிப்பார். முத்துமாரிக்குத்தான் தமிழ் படிக்க வராது, அவள் படித்தது முழுக்க இந்தியில்.

ஜூன் 8, ஞாயிறு

அவர்கள் வீட்டில் கூட இருந்து பார்த்தேன். அம்மாவும் பெண்ணும் பத்து நாளாகச் சரியாகப் பேசிக்கொள்ளவில்லையாம். கட்டிலில் ஒருவர், தரையில் ஒருவர். முதல் பத்து அட்டை வரை முகத்தைப் பார்த்துக்கொள்ளவே இல்லை.

பாப்பம்மாளுக்கு அந்த வார்த்தைகளின் அர்த்தம் ஒன்றும் தெரியாது. காதுதான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, விரலால் எழுத்தைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். முத்துமாரி ஏதோ சொல்ல, "இல்ல, இதுல வேற இருக்குது," என்றார். "அது ஒண்ணுதாம்மா, ஜல்தி அமுக்கு." "ஒண்ணு இல்ல. இங்க நீட்டி இருக்குது, நீ நீட்டல." சிவப்பு. நாற்பதில் இருபத்தாறு சிவப்பு. கடைசியில் பெண் அழுதாள், அம்மா போனை வைத்துவிட்டுப் போய் டீ போட்டார்.

ஜூன் 19, வியாழன்

பட்டியல் இல்லாத வியாழன். முத்துமாரி: ஐம்பதில் பதினெட்டு சிவப்பு. சந்தோஷமாக இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. நாள் போதாது.

ஜூலை 6, ஞாயிறு

இன்று தேர்வு. காலையில் துணி துவைத்தேன், துவைத்ததை மறுபடி துவைத்தேன். "எழுதறது நீயா அவளா?" என்றான் அக்ஷய். சாயங்காலம் முத்துமாரியிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது: முடிஞ்சுதுக்கா. நன்றாகவா, மோசமாகவா, ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

தேர்வு முடிவு. வகுப்பில் பதின்மூன்று பேர் பாஸ். முத்துமாரி நூற்றெண்பதுக்கு எண்பத்து நான்கு. தொண்ணூறு வேண்டும்.

ஆகஸ்ட் 27, புதன்

மெட்ரோ வாசலில் அவளைப் பார்த்தேன். நொய்டாவிலிருந்து வந்து இறங்கினாள், வேலைக்குப் போகும் நீலக் குர்த்தாவோடு. நேர்காணலுக்குப் பதின்மூன்று பேரும் போகிறார்கள், அவர்களுக்கு எப்போதும் அதே பேச்சுதான் என்றாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

"ஆறு மார்க்குக்கா. நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா பன்னண்டு நாளு இருந்துருக்கும்."

ஆமாம் என்றேன். ஒரு ஈ-ரிக்‌ஷாவில் ஏறிப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், கடலை விற்கிறவர் இரண்டு முறை என்ன வேண்டும் என்று கேட்டார்.

சொல்லியிருக்கலாமே. வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை. ஏன் சொல்லலை நான்? வெட்கம். வேற எந்த எழவும் இல்லை, வெட்கம்தான். அந்தப் பசங்களை சிவப்பு அமுக்கலைன்னு சொல்றேன், நான் அமுக்கினேனா?

செப்டம்பர் 4, வியாழன்

அவள் கணக்கில் ஜூலை 5க்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்பது முறை திறந்து பார்க்கிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

ஆல்பர்ட் சார் போன் பண்ணினார். புது வகுப்புக்கு ஆப் வேண்டுமாம், லிஸ்ட் இல்லாமலே. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஏன் உடனே சரி சொல்லவில்லை என்று எனக்கே விளங்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

காலையில் வாசல் மணி அடித்தது. முத்துமாரி, பின்னால் பாப்பம்மாள். அவர் செருப்பைப் படியிலேயே விட்டுவிட்டு, சுவரோரமாக நின்றார்.

"டிசம்பர் பரிச்சைக்கு எழுதிப் போட்டுட்டேன்க்கா," என்றாள் முத்துமாரி. நல்லது என்றேன். "அம்மா போனைத் தொட மாட்டேங்குது. சாமி மேல சத்தியம் பண்ணிருச்சு. என்னாலதான் போச்சுன்னு அதையே சொல்லிக்கிட்டு இருக்கு. வேற யாரு இருக்கா எனக்கு? நீங்க உக்காருங்க."

நானா? வேறு யாராவது ஏற்பாடு பண்ணட்டுமா, வகுப்பில் ஒரு தோழி, இல்லை ஆப்பிலேயே குரல் கேட்டுத் திருத்துகிற மாதிரி ஏதாவது... ஒரு மாதத்தில் செய்துவிடலாம்...

"உங்களுக்கும் இதுல பாதி இருக்கு இல்லக்கா?"

இருக்கிறது என்றேன். தினமும் மாலை ஏழு மணி, எங்கள் வீட்டில் என்று முடிவாயிற்று.

செப்டம்பர் 16, செவ்வாய்

இரண்டாம் நாள். ஒரு மணி நேரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. நடுவில் இரண்டு முறை எழுந்தேன், எதற்கு என்று முத்துமாரி கேட்டாள். சும்மா என்றேன். அக்ஷய் உள்ளே போய்ச் சிரித்தான்.

செப்டம்பர் 18, வியாழன்

பாப்பம்மாளும் தினம் கூட வருகிறார். போன் பக்கமே திரும்புவதில்லை. நான் வேண்டாம் என்று சொல்லியும் பால்கனிக் கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருப்பார்.

இன்று முத்துமாரிக்கு நொய்டாவில் மோசமான நாள். பாட்டியம்மா விழுந்துவிட்டாராம், இரண்டு பேர் வேலையை ஒருத்தி பார்த்திருக்கிறாள். கண் சொருகிக்கொண்டே இருந்தது. முப்பத்தோராவது அட்டைக்கு மெதுவாக ஏதோ சொன்னாள், கிட்டத்தட்டச் சரி. முகத்தைப் பார்த்தேன், பாவமாக இருந்தது. பச்சை அமுக்கினேன்.

"அது தப்பும்மா," என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது. பாப்பம்மாள் திரும்பக்கூட இல்லை, கையில் அக்ஷயின் சட்டை. "கடைசியில ஒண்ணு முழுங்கிட்டா. போன ஜூன் மாசத்துலயும் அதே இடத்துலதான் முழுங்குவா. சிவப்பு அமுக்குங்க."

முத்துமாரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அம்மா சொல்றது சரிதான்க்கா," என்றாள்.

திருத்தி, சிவப்பு அமுக்கினேன். அந்த அட்டை நாளைக்கு வரும்.